கல் பாக்கலாம்

நகை மேல் எனக்குப் பொறாமை வந்ததில்லை. புடவை, வீடு, கார், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க், எதுவுமே என்னைப் பெரிதாக அசைத்ததில்லை. ஆனால் ஒரு மெக்கானிக் விஷயத்தில் நான் பட்ட பொறாமை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வெட்கம் கொஞ்சம்தான். பாக்கியெல்லாம் பொறாமைதான்.

ஹிஞ்சேவாடியில் கம்பெனி வண்டிகள் நகர்ந்து நகர்ந்து போகும் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு சந்து. அதில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே ஆறு கடைகள். கடைசிக் கடை என்னுடையது. இட்லி, தோசை, பொங்கல், பாக்கெட் மாவு. முதல் கடை அவளுடையது. அவளும் இட்லி, தோசை, பாக்கெட் மாவுதான். ஒரே சந்தில் இரண்டு தமிழ்க் கடைகள் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் தினமும் கேட்டுக்கொண்டேன், எனக்குள்.

அவள் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவராம். தமிழ் கொஞ்சம் தடுமாறும். இந்தியும் மராட்டியும் தண்ணீராக ஓடும். நான் கணவரின் வேலைக்காக மதுரையிலிருந்து வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. என் இந்தியைக் கேட்டால் காய்கறிக்காரர் பாவப்பட்டு ரெண்டு பச்சை மிளகாய் சேர்த்துப் போடுவார்.

நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைக்காக என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம். ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் பத்தாவது முடித்த வருஷத்தைச் சொன்னபோது நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். அதற்குப் பிறகும் நான் விடாமல் அக்கா என்றே கூப்பிட்டேன். அவளுக்குக் கூட்டம் இருக்கிறது, பாஷை இருக்கிறது, சிரித்த முகம் இருக்கிறது. வயதில் மூத்தவள் என்ற பட்டத்தையாவது அவளே சுமக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். நேரில் வாங்க, போங்க. மனதுக்குள் எப்போதும் அவள், இவள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். அவளுடைய மெக்கானிக்கைத்தான் தாங்க முடியவில்லை.

வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த ஸ்கூட்டர் அவள் கடை முன்னால் வந்து நிற்கும். பின்னால் ஒரு பச்சை இரும்புப் பெட்டி. ஐம்பது வயசு இருக்கும் மனிதர், மராட்டிக்காரர். அவள் போன் செய்த அரை மணி நேரத்தில் வந்துவிடுவார். "தாயி, தாயி" என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே நுழைவார். முதலில் கேட்டபோது, என்ன இந்த ஆள் இவளைப் பெற்ற தாய் மாதிரி கும்பிடுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் தெரிந்தது, மராட்டியில் தாயி என்றால் அக்கா. தெரிந்த பிறகும் எரிச்சல் குறையவில்லை. ஓட்டல் மிஷின் ரிப்பேர் பார்க்க ஆள் கிடைப்பது இந்த ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று கடை நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். அவளுக்கோ ஆஸ்தான வைத்தியர் மாதிரி ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார்.

எனக்கு அப்படி ஓர் ஆள் தேவைப்பட்ட நாளும் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, உளுந்தைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். கிரைண்டர் உம்மென்று உறுமியது. கல் அசையவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி உம்.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் பூரியும் பொங்கலும் போட்டுச் சமாளித்திருப்பேன். ஆனால் அந்த வியாழக்கிழமை ஒரு கம்பெனிக்கு எண்பது பேருக்கு இட்லி கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். பிடித்திருந்தால் வாரா வாரம் வியாழக்கிழமை காலை உணவு என் கடையிலிருந்துதான் என்று அங்கே சாப்பாட்டு ஏற்பாடுகளைப் பார்க்கிற பெண் சொல்லியிருந்தாள். கடை தொடங்கி இரண்டு வருஷத்தில் என்னைத் தேடி வந்த முதல் பெரிய ஆர்டர். அதோடு என் கணவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

"இந்த ஆர்டர் நின்னுச்சுன்னா கடைய நடத்து. இல்லாட்டி சாவியக் குடுத்துட்டு வீட்டுல நிம்மதியா இரு."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த 'நிம்மதியா' என்ற வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. மறுபடி நாள் முழுக்க வீட்டுக்குள், மத்தியானம் குக்கர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. என்னால் முடியாது.

எங்கள் கட்டடத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் வந்து கிரைண்டரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ஆச்சரியப்பட்டார். போய்விட்டார். மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர் போனிலேயே, வீட்டு மிஷின் என்றால் சொல்லுங்கள், கடை மிஷின் தொட மாட்டேன் என்றார். கிரைண்டர் கம்பெனிக்கே போன் செய்தேன். கோயம்புத்தூரில் ஒரு பெண் எடுத்தாள். இத்தனை போனுக்கு நடுவில் முதல் தடவையாகத் தமிழ் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"புனேல நம்மகிட்ட ஆள் இல்லைங்க மேடம். மோட்டாரக் கழட்டி கூரியர்ல அனுப்பிவுடுங்க. பதினஞ்சு நாள்ல பாத்து அனுப்பிடறோங்க."

கண்ணீர் அப்படியே உள்ளே போய்விட்டது.

கடைசியில் போனில் தேடினேன். ஓட்டல் சாமான் ரிப்பேர், எனக்கு அருகில். ஒரு பட்டியல் வந்தது. பெயர், நம்பர், எந்த மிஷின் என்று பதியச் சொன்னது. பதிந்தேன். அதோடு போன் என்னுடையதாக இல்லாமல் போயிற்று. ஏசி சர்வீஸ் வேண்டுமா, தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் வேண்டுமா, சமையலறைப் புகைபோக்கி கழுவ வேண்டுமா என்று பத்து நிமிஷத்துக்கு ஒருவர். கிரைண்டர் என்றதும் ஒவ்வொருவராக வைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் வருகிறேன் என்றார். கட்டிங் மிஷின் என்று நினைத்து, டைல்ஸ் அறுக்கிற கிரைண்டருக்கான பிளேடோடு வந்து நின்றார்.

இத்தனைக்கும் ஐந்து கடை தள்ளி அந்த மனிதரின் நம்பர் ஒருத்தியின் போனில் பத்திரமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, மானத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கடைக்குப் போனேன்.

அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவனுக்கு மராட்டியில் பதில், இன்னொருவனுக்கு இந்தியில். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததுமே எனக்குக் கேட்க வந்த வேலை பாதி மறந்துவிட்டது.

"அக்கா, என் கிரைண்டர்ல கல்லு சுத்த மாட்டேங்குது. மோட்டார் உறுமுது, அம்புட்டுதான். உங்க மெக்கானிக்க கொஞ்சம் சொல்லி விடுறீங்களா?"

அவள் தோசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஹா அக்கா. கல் பாக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. நான் மெக்கானிக்கைக் கேட்கிறேன், இவள் கல்லைப் பார்க்கிறேன் என்கிறாள். என் கடைக்கு வந்து, என் கிரைண்டரைத் திறந்து, என் கல்லைத் தடவிப் பார்த்து, இது என்ன கல், எங்கே வாங்கினது, மாவு எப்படி வருகிறது என்று எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். அதற்குப் பிறகு மகாராணி மனது வைத்தால் நம்பர் கொடுப்பாள். அப்படித்தான் எனக்குப் பட்டது.

"கல்லெல்லாம் வேணாங்க்கா!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பின்னால் அவள் ஏதோ சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. பச்சைப் பெட்டி. என் கடைக்கு இல்லை, அவள் கடைக்கு. என் கல்லாவுக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அவள் வெளியே வந்து அவருக்கு டீ கொடுத்தாள். சிரித்தாள். பிறகு கையை நீட்டி என் கடையைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் திரும்பி என் கடைப் பக்கம் பார்த்தார். தலையாட்டினார்.

என் ரத்தம் கொதித்தது என்று சொன்னால் போதாது. நான் கேட்ட அன்றைக்கே, என் கண்ணெதிரே, வேண்டுமென்றே வரவழைத்திருக்கிறாள். அதுவும் போதாதென்று, அதோ பார், அந்தக் கடையில் கிரைண்டர் படுத்துவிட்டது என்று என் மானத்தையும் சேர்த்துப் பரிமாறுகிறாள். இவள் கண் முன்னால் நான் இனி ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. ஷட்டரை இழுத்து விட்டேன். போனைச் சத்தமில்லாமல் போட்டுப் பைக்குள் தள்ளினேன். கட்டடத்தின் பின்வாசல் வழியாக வெளியேறி நிக்டிக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஓட்டல் மிஷின் பார்க்கிற பட்டறை ஒன்று இருப்பதாக மருந்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

பஸ் ஊர்ந்தது. வழியெல்லாம் அவளிடம் பேச வேண்டியதைப் பேசினேன், வாய் திறக்காமல். நிக்டி போய்ச் சேருவதற்குள் நான் ஜெயித்துவிட்டேன்.

பட்டறைக்காரர் பொறுமையாகக் கேட்டார். இங்கே தூக்கிக்கொண்டு வாருங்கள், பார்க்கிறேன், ஆளை அனுப்ப முடியாது என்றார். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மிஷின் அது. அதே பஸ், அதே ஊர்தல். ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது ஸ்கூட்டர் போயிருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். தெரியாத நம்பரிலிருந்து ஆறு அழைப்புகள். புகைபோக்கி கழுவுகிறவன் என்று நினைத்து அழித்துவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை. மத்தியானத்துக்குள் அரைத்தால்தான் மாவு இரவெல்லாம் புளித்துக் காலையில் இட்லி ஆகும். எந்த நம்பிக்கையும் இல்லாமல் அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கம்பெனிப் பெண்ணுக்கு என்னவென்று போன் செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் கடைக்காரி வந்து நின்றாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"எங்க போயிட்டீங்க அக்கா நேத்து? அவர் உங்க ஷட்டர் முன்னாடி ஒரு மணி நேரம் நின்னார். எத்தன போன் போட்டார், நீங்க எடுக்கவே இல்ல."

"யாரு?"

"அரே, மெக்கானிக். வேற யாரு? வாகட்ல ஒரு ஓட்டல் வேலைய பாதில விட்டுட்டு வந்தார், பாவம்."

"உங்க கடைக்குத்தான வந்தாரு? நான் பாத்தேனே."

"என் கடைல டீ குடிச்சார். வந்தது உங்களுக்கு. நான் கல் பாக்கலாம்னு சொன்னேன், நீங்கதானே கோவமா கல் எல்லாம் வேணாம்னீங்க? சரி, ரொம்ப அர்ஜென்ட் போல, ஆஜ் ஹி வேணும் போலன்னு நான் அவர ஜல்தி ஜல்தி கூப்ட்டேன்."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல். இந்தியில் கல் என்றால் நாளை. நாலு வருஷமாகக் காய்கறிக்காரரிடமும் பால்காரரிடமும் நானே தினமும் சொல்கிற வார்த்தை. கல் ஆனா, கல் தேனா, நாளைக்கு வாங்க, நாளைக்குக் கொடுங்க. அவள் நாளைக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறாள். அந்த நேரத்தில் என் தலைக்குள் இருந்தது கிரைண்டர் கல் ஒன்றுதான். நான் கல்லெல்லாம் வேண்டாம் என்றேன். நாளைக்கு என்று இழுக்காதே, இன்றைக்கே வேண்டும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். என் கடையைக் கைகாட்டி அவள் சொன்னது, அதோ அந்தக் கடைதான், போய்ப் பாருங்கள் என்பதைத்தான்.

அவள் நாளைக்கு என்றதே போதுமானதாக இருந்தது. அவள் இன்றைக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். நான் ஷட்டரை இறக்கிவிட்டு நிக்டிக்குப் போய் அவளோடு சண்டை போட்டு ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு வரச் சொல்லுங்களேங்க்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏதோ அவசரம்னு காலைலயே ஊருக்குப் போயிட்டார். வெள்ளிக்கிழமைதான் வருவார்." அவள் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அரிசி ஊறுதா? எடுத்துட்டு வாங்க என் கடைக்கு. டென்ஷன் நகோ, கவலப்படாதீங்க."

போட்டிக் கடைக்காரியை ஏன் வலியக் கூப்பிட்டு மாவு அரைத்துத் தருகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் யோசித்துவிடுவாளோ என்று பயம்.

இரண்டு பேருமாக வாளிகளைத் தூக்கிக்கொண்டு நாலு கடைகளைத் தாண்டிப் போனோம். அவள் சமையலறைக்குள் நான் அதுவரை நுழைந்ததில்லை. அவளுடைய கிரைண்டரை அன்றுதான் பார்த்தேன். மூடியில் கைப்பிடி இல்லை, கம்பி சுற்றியிருந்தது. ஒரு காலுக்கடியில் செங்கல். பெல்ட்டுக்கு மேலே தகரத் துண்டு. யாரோ பயன்படுத்தி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, அவரிடமிருந்து இவள் வாங்கினதாம். ஸ்விட்சைப் போட்டு, இடுப்பால் ஒரு இடி இடித்தாள். ஓடியது.

"வாரா வாரம் ஏதாவது ஒண்ணு போகும்" என்றாள். "அவர் இல்லன்னா நான் எப்பவோ கடைய மூடிருப்பேன். புதுசு வாங்க முடியல. உங்களோடது புதுசு இல்ல?"

டாக்டர் அடிக்கடி வீட்டுக்கு வந்து போவதைப் பார்த்து நோயாளியின் மேல் பொறாமைப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உளுந்து பொங்கிப் பொங்கி வந்தது. பழைய கல்தான், ஆனால் மாவு பஞ்சாக இருந்தது. என் புதுக் கிரைண்டரில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. அதற்கும் உள்ளே ஒரு சின்ன எரிச்சல் எழுந்தது, மறைப்பானேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எனக்கு ஒன்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. என் மிஷின் புதுசு. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அதற்கு மெக்கானிக் வந்ததில்லை. அவளும் அவள் பக்கத்திலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்திருப்பாள் இல்லையா? பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சமாதானமாக இருக்கும்.

"என்னப் பாத்து உங்களுக்குப் பொறாமையா இருந்ததே இல்லையாக்கா?"

அவள் மாவை வழித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"பொறாமைன்னா?"

எனக்கு அதற்கு இந்தி வார்த்தை தெரியாது. இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம். அவள் புரிந்துகொண்டிருப்பாள். ஆனால் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

கையில் மாவு ஒட்டிக்கொண்டு, நெற்றியில் வியர்வையோடு, அந்த வார்த்தையே இல்லாமல் இவ்வளவு வருஷம் கடை நடத்தியிருக்கிறாள். அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த பொறாமைதான் எல்லாவற்றிலும் பெரியது.

வியாழக்கிழமை எண்பது பேரும் சாப்பிட்டார்கள். அந்தப் பெண் மூன்றாவது தடவை தட்டை நீட்டினாள். இட்லி இவ்வளவு மெத்தென்று எப்படி வருகிறது என்று கேட்டாள். என் அரிசி, என் உளுந்து, அவள் கல். நான் பொதுவாகச் சிரித்து வைத்தேன். அடுத்த வியாழனிலிருந்து வாரா வாரம் என்று மத்தியானமே தகவல் வந்துவிட்டது. கணவர் போனில், "சரி, நடத்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை காலை அந்த ஸ்கூட்டர் முதல் தடவையாக என் கடை முன்னால் நின்றது. யாராவது பார்க்கிறார்களா என்று நான் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு எனக்குத் தெரிந்த இந்தியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையசைத்துவிட்டு மோட்டாரைத் திறந்தார். கண்டென்சர் போயிருந்தது. கட்டைவிரல் பருமன் இருக்கும் ஒரு டப்பி. பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். பத்து நிமிஷம் ஆகவில்லை. கல் சுற்றியது.

டீ கொடுத்தேன். குடித்துக்கொண்டே அவர் அன்றைய கதையைச் சொன்னார். வாகட்டில் ஒரு ஓட்டல் அடுப்பைப் பிரித்துப் போட்டிருந்தாராம். நாளைக்கு வருகிறேன் என்றாராம். அந்தப் பக்கம் தாயி கத்தினாளாம்.

"மேரி பஹன் கீ துகான் ஹை. கல் நஹி, ஆஜ்."

என் சகோதரியின் கடை. நாளைக்கு இல்லை, இன்றைக்கு.

நான் டீ டம்ளரைத் தேவையில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்தியில் பஹன் என்றால் அக்காவாகவும் இருக்கலாம், தங்கையாகவும் இருக்கலாம். அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே, உங்கள் இரண்டு பேரில் மூத்தவர் யார் என்று கேட்டார்.

ஐந்து கடை தள்ளி அவள் வாசலுக்கு வந்து அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கிரைண்டர் மறுபடி நின்றிருக்கும்.

"மை படீ" என்றேன். "நான்தான் பெரியவ. அவளுக்கு முதல்ல போய்ப் பாருங்க."